அடியெடுத்துக் கொடுப்பவர்

பூசையில் அவர் குரல் கடைசித் தூண்வரை போகும்.
நாடகத்தில் அவருக்குக் குரலே கிடையாது.
மேடைக்கு அடியில்,
மீன் வந்த பெட்டிகளை உடைத்து
வாலெண்டி அடித்துக் கொடுத்த பொந்து.
அதற்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு
துடெக் சாமியார்,
ஒரு சுரங்க விளக்கு, ஒரு நோட்டு.
மறந்தவனுக்கு மறந்த சொல்லை
மூச்சில் சுற்றி மேலே அனுப்புவார்.
மறுநாள் பூசையில் அங்கி மீன் நாறும் என்பார்கள்.

எனக்குத் தெரியாது. நான் பூசைக்குப் போவதில்லை.
என் யூலியனை ஆறாம் குழியிலிருந்து
பலகையில் ஏற்றிக் கொண்டுவந்த அன்று
"ஆண்டவர் சித்தம்" என்றாரே,
அன்றோடு விட்டேன். ஒன்பது வருடம்.
நாடகத்தை மட்டும் விடவில்லை.
ஏரோது ராஜாவின் மேலங்கி
என் கட்டில் விரிப்புதான்.

கம்பெனிக்கு நாங்கள் எண்கள்.
பிரெஞ்சு வாத்தியார் எங்கள் பெயர்களைப்
பாதியில் கடித்துத் துப்புவார்.
சாமியார் ஒருவர்தான்
முழுப்பெயரையும் வாலோடு சொன்னவர்;
சம்பளச் சீட்டில் பெயரைத் திருத்தச் சொல்லி
கணக்கனோடு சண்டை போட்டு,
திருத்தியதை மறுபடி திருத்தி,
எழுதத் தெரியாதவனின் கடிதத்தில்
அவன் சொல்லாத முத்தத்தையும் சேர்த்து எழுதியவர்.

வாலெண்டி வருடா வருடம் ஏரோது.
வருடா வருடம் ஒரே இடத்தில் நிற்பான்.
"இந்த நாட்டில் என்னைக் கேளாமல்
ஒரு குழந்தையும்..."
கை உயர்ந்திருக்கும். வாய் திறந்திருக்கும்.
பொந்திலிருந்து வரும்: "பிறக்கக் கூடாது."
சில வருடம் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள்.

அந்த இலையுதிர் காலம் வேலைநிறுத்தம்,
முப்பத்தாறு மணி நேரம் குழிக்குள்ளேயே.
மேலே வந்தவர்களுக்குக் காகிதம் காத்திருந்தது:
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வெளியேறு,
ஆளுக்கு முப்பது கிலோ.

தராசில் தையல் இயந்திரத்தின் தலை ஏறியது,
இறகு மெத்தை இறங்கியது.
சம்மனசின் இறக்கைகள் கனமே இல்லை,
ஆனால் பெட்டிக்குள் அடங்கவில்லை.
முயல்களை விலைக்குக் கேட்டுவந்த பக்கத்து வீட்டு மார்செலின்
காசைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.
சாமியார் மூன்று முறை நகரத்துக்கு நடந்தார்,
மூன்று முறை
அதிகாரி சாப்பிடப் போயிருந்தார்.

ரயிலடிக்குள் அவரை விடவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம், நிலக்கரிக் குவியலோடு நின்றார்,
கறுப்பில் கறுப்பாக.
பெட்டியின் படியில் ஏறிய வாலெண்டி
திரும்பினான். கையை உயர்த்தினான்.
"இந்த நாட்டில் என்னைக் கேளாமல்
ஒரு குழந்தையும்..."
நின்றான்.
நிஜமாகவே மறந்தானா,
இல்லை இடம் விட்டானா, இன்றும் தெரியாது.

எஞ்சின் மூச்சு வாங்கும் இடைவெளியில்
வேலிக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் கிசுகிசு.
வாலெண்டி அதை வாங்கி
ரயிலடிக் கூரை அதிர முழங்கினான்.
மூன்று பெட்டிகளும் சிரித்தன,
ஜன்னல் ஜன்னலாக, மூக்கைச் சிந்தியபடி.
போலிஷ் தெரியாத காவலன் ஒருவன்
நன்றி சொல்கிறான் என்று நினைத்து
தொப்பியைத் தொட்டுக்கொண்டான்.

அந்த ஞாயிறு ஏன் போனேன்?
எண்ணிப் பார்க்கத்தான், யார் மிச்சம் என்று.
பிரசங்கம் முடிந்து அறிவிப்புகள்.
செவ்வாய் மாலை ஒத்திகை.
மரணம் வேடத்துக்கு ஆள் வேண்டும்.
சம்மனசுகள் இரண்டு.
ஏரோது வேடத்துக்கு...

நின்றார்.
விரல் காகிதத்தில் அதே வரியில்.
மெழுகு சொட்டியது, யாரோ இருமினார்கள்,
அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

மூன்றாம் பெஞ்சிலிருந்து,
உதடு அசையாமல்,
அவர் எங்களுக்குச் செய்வதுபோலவே சொன்னேன்:
"தெக்லா."

நிமிர்ந்து பார்த்தார்.
"ஏரோது வேடத்துக்குத் தெக்லா க்ரூபா,"
என்று கடைசித் தூண்வரை சொன்னார், வாலோடு.

தாடி எனக்குப் பெரிது. வசனம் மறக்கவில்லை.
ஆனாலும் அந்த இடம் வந்ததும் நின்றேன்,
பொந்துக்குள் அவர் இருக்கிறாரா என்று பார்க்க.